பாசிட்டிவாகப் பரிசீலிக்கப்படும்

‘பார்ப்போம்’ என்று ஒருவர் சொன்னால் அதில் ஒரு நேர்மை இருக்கிறது. முக்கால்வாசி இல்லை என்றுதான் அர்த்தம், கேட்டவளுக்கும் அது தெரியும், எழுந்து வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். ‘பாசிட்டிவாகப் பார்ப்போம்’ என்றால்? பார்ப்பதில் பிளஸ் மைனஸ் உண்டா, கண் டாக்டர் கண்ணாடிக்கு எழுதிக் கொடுப்பதுபோல? நேற்றுச் சாயங்காலத்திலிருந்து இந்த ஒரு சொல் பல்லிடுக்கில் பாக்குத்தூள் மாதிரி மாட்டிக்கொண்டு கிடக்கிறது, நாக்கு அங்கேயேதான் போகிறது. சாருமதி மேடம் என் ரூம்மேட் ஜெபரூபியிடம் சொன்னது இவ்வளவு: “விசிட் முடியட்டும் ஜெபா. கோயிங் ஃபார்வர்ட் உன் இஷ்யூவ பாசிட்டிவா, ஹோலிஸ்டிக்கா அட்ரஸ் பண்ணுவோம். ஐ ஹியர் யூ.” ஜெபா கேட்டது ஒன்றே ஒன்று. ஹாஸ்டலில் இருந்து என்னை வெளியே அனுப்பிவிட்டீர்களே, திரும்ப எடுத்துக்கொள்வீர்களா, மாட்டீர்களா? அதற்கு இரண்டு பதில்தான் இருக்க முடியும், இரண்டும் தமிழில் ஒவ்வொரு சொல்தான். ஐ ஹியர் யூ. கேட்கிறதாம். காது நன்றாக இருக்கிறது என்று ஒருவர் நமக்குத் தகவல் சொல்கிறார், நாம் நன்றி சொல்லிவிட்டு வெளியே வருகிறோம், வெளியே வந்து பஸ் ஏறி, பஸ் பாளையங்கோட்டை தாண்டிய பிறகுதான் கையில் ஒன்றுமே இல்லை என்று தெரிகிறது. ஜெபாவுக்கு அதுகூடத் தெரியவில்லை. “நல்லபடியாத்தான சொல்லிருக்காவ” என்கிறாள்.

செமினார் ஹாலில் ஏசி ஓடுகிறது. இந்த ஹாலில் ஏசி உண்டு என்பதே எனக்கு இன்றுதான் தெரியும், எம்.ஏ. இரண்டாம் வருடம் முடியப்போகிறது. மூன்றாவது வரிசை, ஓரத்து நாற்காலி, அதன் முதுகில் என் பெயர் ஒட்டியிருக்கிறது: ஆவுடைச்செல்வி, இங்கிலீஷ். பேசப்போகிற பெண்கள் எல்லோரும் ஒரே அரக்குக் கலரில் பட்டு கட்டியிருக்கிறோம், கல்யாண மண்டபத்து வாசலில் பன்னீர் தெளிக்க நிறுத்திவைத்த மாதிரி. கல்லூரிக்குத் தரம் போட டெல்லியிலிருந்தும் வேறு எங்கெங்கிருந்தோவும் வந்திருக்கிற குழு பிரின்ஸிபால் அறையில் இளநீர் குடித்துக்கொண்டிருக்கிறது. வாடகைக்கு வந்த குரோட்டன்ஸ் தொட்டிகள் மேடையில் வரிசையாக நிற்கின்றன. எனக்குக் கொடுத்திருப்பது இரண்டு நிமிடம், தலைப்பு பெண்கள் எம்பவர்மென்ட், ஒரு சக்சஸ் ஸ்டோரி. ஒரு மாதமாகப் பயிற்சி. சாருமதி மேடம்தான் இந்த விசிட்டுக்கு ஒருங்கிணைப்பாளர், அவரேதான் பெண்கள் ஹாஸ்டல் வார்டன், மேனேஜ்மென்ட் பாடம் எடுப்பவர், எனவே சொற்களின் மொத்த வியாபாரம் அவர் கையில். பிராப்ளம் என்று சொல்லக்கூடாது, சேலஞ்ச் என்று சொல்லவேண்டும். இல்லை என்று சொல்லக்கூடாது, இன் ப்ராசஸ். மாணவர்கள் என்று சொல்லக்கூடாதாம், ஸ்டேக்ஹோல்டர்ஸ். ஒத்திகையில் முதல் வருடத்துப் பெண் ஒருத்தியை எழுப்பி, “ஹாஸ்டல்ல சாம்பார் எப்படிம்மா இருக்கும்?” என்று கேட்டார். அவள் பயத்தில் கையைக் கட்டிக்கொண்டு, “ஹோலிஸ்டிக்கா இருக்கும் மேடம்” என்றாள். நான் சிரித்துவிட்டேன். மேடம் சிரிக்கவில்லை. “குட். கான்ஃபிடன்ஸ் இருக்கு” என்றார். அன்றைக்கு அறைக்குப் போய் இதை ஜெபாவிடம் நடித்துக் காட்டியபோது அவள் கட்டிலில் உருண்டு உருண்டு சிரித்தாள், பக்கத்து அறையிலிருந்து வந்து கதவைத் தட்டினார்கள். அப்போது அவளுக்குக் கட்டில் இருந்தது.

என்ன பெரிய குற்றம் செய்துவிட்டாள்? எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி. லேபில் ஒரு மெஷின், அதற்கு எல்லோரும் முறைவைத்துக் காத்திருக்கவேண்டும், பையன்களுக்கு முதலில், பெண்களுக்குக் கடைசியில், ஏனென்றால் பையன்கள் அவசரமானவர்கள். மெஷினைப் பாதியில் நிறுத்தினால் அன்றைய வேலை எல்லாம் குப்பை. முடித்து ஓடிவந்தால் ஹாஸ்டல் கேட் ஆறு மணிக்குப் பூட்டியாகிவிட்டது. ஒருமுறை மன்னிப்பு, இன்னொருமுறை எழுத்தில் மன்னிப்பு, மூன்றாவது முறை வாட்ச்மேனுடைய ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டார்கள், மெஸ்ஸில் எல்லோரும் சாப்பிட்டு முடித்துத் தட்டுக் கழுவுகிற வரைக்கும். நான் மாடி வராந்தாவிலிருந்து பார்த்தேன். தெருவில் போகிறவன் வருகிறவன் எல்லாம் அவளைப் பார்த்துக்கொண்டு போகிறான், பாதுகாப்புக்காகத்தான் பூட்டுகிறோம் என்று சொல்கிற அதே கேட்டுக்கு வெளியே. அவள் எழுந்து கம்பியைப் பிடித்து ஆட்டினாள், சத்தம் போட்டாள். அந்தச் சத்தம்தான் குற்றம். மறுநாள் பெட்டியோடு போகச் சொன்னார்கள். போகச் சொன்னார்கள் என்று நான்தான் சொல்கிறேன். மேடம் சொன்னது வேறு: அந்த மாணவியின் வெல்பீயிங்கை மனதில் வைத்து அவரை டே ஸ்காலர் மோடுக்கு ட்ரான்சிஷன் செய்திருக்கிறோம். ட்ரான்சிஷன். புழு பட்டாம்பூச்சியாவதற்குச் சொல்கிற சொல். அவள் ஊரான பெரியதாழையிலிருந்து முதல் பஸ், சாத்தான்குளத்தில் இறங்கி அடுத்த பஸ், காலை லேப் போய்விட்டது, சாயங்காலம் கடைசி மெஷின் முறைக்கு நின்றால் கடைசி பஸ் போய்விடுகிறது. அவள் அப்பா கெட்டவர் இல்லை, கடலுக்குப் போகிற மனிதர், இதுவரை ஒருநாளும் படித்தது போதும் என்று சொன்னதில்லை, அவரே, “பஸ்ஸுல தூங்கதுக்கா மக்கா மேல்படிப்பு? இந்த வாரத்துக்குள்ள ரூம் தந்தா போ. இல்லன்னா இருந்துக்க” என்று சொல்லிவிட்டார். பாருங்கள், எவ்வளவு சுத்தமாக இருக்கிறது. தந்தா போ, இல்லன்னா இருந்துக்க. கோபத்தில்கூட ஒரு மனிதர் தன் மகளுக்குப் புரிகிற மாதிரி பேசுகிறார். ஹாஸ்டல் கேட்டில் ‘மாலை ஆறு மணிக்குப் பூட்டப்படும்’ என்று ஒரு தகரம் தொங்கிக்கொண்டிருந்தது. போன வாரம் அதைக் கழற்றிவிட்டு ஊதா நிறத்தில் புதுப் பலகை மாட்டியிருக்கிறார்கள், பெண்களுக்கான சேஃப் ஸ்பேஸ் என்று, கீழே இரண்டு கைகள் ஒரு பூவைத் தாங்குகிற படம். பூட்டு அதே பூட்டுதான்.

எனக்கு ஆங்கிலத்தின்மேல் கோபம் இல்லை. நான் அதைப் படிக்கத்தான் வந்திருக்கிறேன், அதில் நல்ல வாக்கியம் ஒன்றைக் கண்டால் அன்று முழுக்க அதை மனதில் வைத்துச் சுற்றுவேன். கோபம் இந்தச் சரிகைமேல். ஒவ்வொரு வருடமும் புதிதாக ஒரு சொல் வருகிறது, தீபாவளிக்கு வருகிற சேலைப்பெயர் மாதிரி, எல்லோரும் அதையே கட்டுகிறார்கள். என் பக்கெட்டை எடுத்துக் குளித்துவிட்டுத் திரும்ப வைக்காத எதிர் அறைக்காரியைக் கேட்டால், நான் டாக்சிக்காம், அவள் பவுண்டரியை நான் மதிப்பதில்லையாம். ஏம்மா, பக்கெட்டு என்னுது. அண்ணன் சென்னையில் கம்பெனியில் இருக்கிறான், அம்மாவுக்கு முட்டி வீங்கிவிட்டது, ஒருநாள் வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ என்று சொன்னால், “இப்ப எனக்கு பேண்ட்விட்த் இல்லம்மா, வீக் எண்ட்ல சர்க்கிள் பேக் பண்றேன்” என்றான். அம்மா என்னிடம் கேட்டாள், “அவனுக்கு என்னவோ இல்லங்கானே, உடம்புக்கு எதுவும் முடியலையா?” சிவகிரியில் உட்கார்ந்துகொண்டு அவனுக்காக அந்த வார வெள்ளிக்கிழமை விரதம் இருந்தாள். நேரமில்லை என்று சொல்லியிருந்தால் திட்டியிருப்பாள். திட்டு வாங்காமல் தப்பிக்கத்தான் இந்தச் சொற்களா? சொல்கிறவனுக்குக் கூச்சம் வராது, கேட்கிறவளுக்குக் கோபம் வராது, நடுவில் ஒரு மெத்தை. ஆனால் அடி விழுகிறதே. மெத்தைக்குள் கல்லை வைத்து அடிக்கிற மாதிரி, காயம் தெரியாது, எலும்புதான் முறியும். நானும் லேசுப்பட்டவள் இல்லை. ஜெபாவை வெளியேற்றிய அன்று அறையில் நின்று ஒரு பிரசங்கம் செய்தேன், ஹெஜிமனி என்றேன், இது ஒரு சர்வைலன்ஸ் டிஸ்கோர்ஸ் என்றேன், அவள் பெட்டிக்குள் பாவாடைகளை மடித்து வைத்துக்கொண்டே, “ஏட்டி ஆவுட, அந்த டிஸ்கோர்ஸக் கொஞ்சம் கீழ எறக்கி வச்சிட்டு இந்த ஜிப்ப இழு, மூட மாட்டேங்கு” என்றாள்.

முன்வரிசையில் சாருமதி மேடம் எழுந்து நிற்கிறார், திரும்பிப் பார்க்கிறார், என்னைத்தான். உதட்டை இரண்டு பக்கமும் இழுத்துக் காட்டுகிறார், சிரிக்க வேண்டுமாம். சிரித்தேன். அவர் கண்ணைச் சுற்றிக் கறுத்திருக்கிறது, பவுடர் மறைக்கவில்லை. அவருக்கும் இங்கே நிரந்தர வேலை இல்லை, இந்தத் தரம் குறைந்தால் முதலில் கை வைக்கப்போவது அவர்மேல்தான் என்று ஆபீஸில் பேசிக்கொள்கிறார்கள். போன மழைக்காலத்தில் ஜெபாவுக்குக் காய்ச்சல் வந்தபோது இதே மேடம்தான் தன் வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்து, “குடி, ஆறிரும்” என்று பக்கத்தில் நின்றார். குடி, ஆறிரும். அப்படியும் பேசத் தெரியும் அவருக்கு. பிறகு எப்படி ட்ரான்சிஷன்? ஒருவேளை பயந்தவர்களுக்குத்தான் அந்தச் சொற்கள் தேவைப்படுகின்றனவோ, மேலே இருப்பவருக்குப் பயந்து கீழே இருப்பவளிடம் பேசும்போது. இரக்கப்படாதே, ஆவுடை. இப்போது இரக்கம் வந்தால் இரண்டு நிமிடமும் மனப்பாடம் செய்ததை ஒப்பித்துவிட்டு உட்கார்ந்துவிடுவாய். அதில் என்ன தப்பு? ஜெபாவே அதைத்தானே கேட்டாள்? நேற்று ஃபோனில், பின்னால் கடல் இரைச்சலா பஸ் இரைச்சலா தெரியவில்லை, “ஏட்டி, நீ நாளைக்கு வாயத் தெறக்காத. எழுதிக் குடுத்தத மட்டும் சொல்லிட்டு எறங்கு” என்றாள். நான் கத்தினேன். வெளியிலிருந்து வருகிறவர்கள் காதில் விழுகிற ஒரே நாள் இதுதான், மறுநாள் அவர்கள் ஃப்ளைட் ஏறிவிடுவார்கள், அதற்கப்புறம் சுவரிடம்தான் பேசவேண்டும் என்றேன். “நீ பேசினா அவியளுக்குக் கோவம் வரும். எனக்குக் கெடைக்க இருந்த ரூமும் போவும். உன்னையும் தூக்கி வெளிய போடுவாவ.” “கெடைக்க இருந்துதுன்னு யாருட்டி சொன்னா? சரின்னு சொன்னாங்களா?” “பாசிட்டிவான்னு சொன்னாவல்லா.” “பாசிட்டிவான்னா சரின்னு அர்த்தமா?” “பின்ன இல்லன்னா அர்த்தம்?” இப்படியே போனது. ஒரு சொல்லை நடுவில் போட்டு இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். கடைசியில் அவள் குரல் இறங்கிவிட்டது. “எனக்கு அந்த மெஷின் வேணும்ட்டி. ரெண்டு மாசம் போதும். முடிச்சிருவேன். உன் வாய வச்சு என்னியக் கெடுத்துராத.” என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள்? என் வாய் என்ன தீப்பெட்டியா? ஆமாம், தீப்பெட்டிதான், எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், அப்பா உட்பட.

வந்துவிட்டார்கள். எல்லோரும் எழுந்தோம், பட்டுச்சேலைகள் ஒரே நேரத்தில் சரசரத்தன, பன்னீர், சந்தனம், பொன்னாடை. தலைவராக வந்திருப்பவர் வயதானவர், வடக்கத்திக்காரர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைக்கிறார், யாரைப் பார்த்தாலும் தலையை ஆட்டுகிறார். கெட்டவராகத் தெரியவில்லை. கெட்டவராகத் தெரிந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். முதல் வருடத்துப் பெண் போய்ப் பேசினாள், எல்லாச் சொற்களும் வந்தன, ஈக்கோசிஸ்டம், இன்க்ளூசிவ், பாரடைம், அவள் அவற்றைத் தலையில் தண்ணீர்க்குடம் வைத்து நடக்கிறவள்போல ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தாள். அடுத்தது பி.பி.ஏ. பையன். தலைவர் ஆங்கிலத்தில் கேட்டார், தம்பி, இங்கே உங்களுக்கு ஏதாவது குறை உண்டா? “நோ சார், ஒன்லி ஆப்பர்ச்சூனிட்டீஸ்.” கைதட்டல். ஆண்கள் ஹாஸ்டலில் தண்ணீர் வரவில்லை என்று பிரின்ஸிபால் காரை மறித்து உட்கார்ந்தவன் இவன்தான். அவனைச் சொல்லி என்ன, அடுத்தது நான். மூன்று வழிதான். ஒன்று, எழுதிக் கொடுத்ததைச் சொல்வது, பிறகு மேடத்தின் பாசிட்டிவ் என்னவாகிறது என்று காத்திருப்பது. காத்திருந்தால் என்ன ஆகும்? இந்த வாரம் முடியும், மேடம் களைத்துப் படுப்பார், ரிவியூ கமிட்டி என்பார், பெரியதாழையில் ஒருத்தி பஸ் ஏறாமல் வீட்டில் இருந்துகொள்வாள், யாரும் அவளை நிறுத்தச் சொல்லவில்லை, அவளாக ட்ராப் அவுட் ஆனாள் என்று கணக்கில் வரும். இரண்டாவது, உள்ளதைச் சொல்வது. பூட்டு, ஸ்டூல், பெட்டி. தலைவர் தலையை ஆட்டுவார், ஃபீட்பேக் என்று குறித்துக்கொள்வார், மாணவிகள் சுதந்திரமாகக் கருத்துச் சொல்லும் வைப்ரண்ட் கல்ச்சர் என்று அதற்கும் ஒரு மார்க் போடுவார், போடட்டும், ஆனால் ஜெபாவுக்கு அதோடு முடிந்தது. மூன்றாவது என்று நினைத்தேனே, அது என்ன? மூன்றாவது எதுவும் இல்லை. எண்ணிக்கைக்காகச் சொன்னேன் போலிருக்கிறது. “நெக்ஸ்ட், மிஸ் ஆவுடைச்செல்வி, வித் எ சக்சஸ் ஸ்டோரி.”

மைக் உயரமாக இருந்தது, கழுத்தை வளைத்து இறக்கினேன், கீச்சென்றது. குட் மார்னிங் என்று ஆரம்பித்தது என் வாய்தான், ஆனால் நான் அதைத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், என்ன செய்யப்போகிறதோ என்று. எழுதிக் கொடுத்த முதல் வரி போனது. எங்கள் ஹாஸ்டல் ஒரு ஹோலிஸ்டிக் ஈக்கோசிஸ்டம். இரண்டாவது வரி போனது. அடுத்து இருந்தது, இதற்கு ஒரு சக்சஸ் ஸ்டோரியைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன் என்பது, அதற்குப் பிறகு யாரோ ஒருத்தி கராத்தே கற்றுக்கொண்ட கதை. விரும்புகிறேன் என்று சொல்லி முடித்தபோது எதிரே மேடத்தின் முகம் தெரிந்தது, உதட்டை இழுத்துக் காட்டிக்கொண்டு, அவ்வளவு களைப்போடு, அவ்வளவு ஆசையோடு, நல்லபடியாக முடிந்தால் போதும் என்று. அப்போதுதான் வாய் அதைச் செய்தது. கதையின் நாயகி ஜெபரூபி, எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி, என்றது. லேபில் வேலை முடிய நேரமாகி ஹாஸ்டலுக்குத் தாமதமாக வந்ததால் அவர் ஹாஸ்டலை விட்டுப் போகவேண்டியதாயிற்று. மேடத்தின் உதடு அப்படியே நின்றுவிட்டது. ஆனால் எங்கள் வார்டன் சாருமதி மேடம், என்று வாய் தொடர்ந்தது, நல்ல ஆங்கிலத்தில், எனக்கே பொறாமையாக இருக்கிற ஆங்கிலத்தில், அந்த மாணவியை அழைத்து, காது கொடுத்துக் கேட்டு, அவருடைய இடத்தை அவருக்கே திரும்பத் தர முடிவுசெய்திருக்கிறார். வருகிற திங்கட்கிழமை ஜெபரூபி மறுபடி எங்களோடு ஹாஸ்டலில் இருப்பார். ஸ்டூடண்ட் சென்ட்ரிக் என்ற சொல்லுக்கு எங்களுக்குத் தெரிந்த பொருள் இதுதான். ஹாஸ்டல் பெண்கள் எல்லோர் சார்பிலும் மேடத்துக்கு நன்றி. கையெடுத்துக் கும்பிட்டேன். கைதட்டல் கடைசி வரிசையில் தொடங்கியது, அங்கேதான் ஹாஸ்டல் பெண்களை உட்காரவைத்திருந்தார்கள், அவர்களுக்குக் கதை முழுக்கத் தெரியும், எது பொய் என்பதும் தெரியும், அவர்கள்தான் முதலில் தட்டினார்கள், நாற்காலிக் கையில் எல்லாம் தட்டினார்கள். தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். மிகவும் மனதுக்கு நிறைவாக இருக்கிறது என்றார். மேடம், இந்தத் திங்கட்கிழமைதானா என்று கேட்டார். சாருமதி மேடம் எழுந்தார். முந்தானையைச் சரிசெய்தார். எனக்குத் தெரிந்து அவர் இவ்வளவு சின்னதாக எந்தக் கேள்விக்கும் பதில் சொன்னதில்லை. “எஸ் சார். மண்டே.”

கேட்டைப் பற்றி நான் பேசவில்லை. நாற்காலிக்குத் திரும்பி உட்கார்ந்த பிறகுதான் அது நெஞ்சில் இடித்தது. மைக் கையில் இருந்ததே, இன்னும் அரை நிமிடம் இருந்ததே, மெஷின் முடிகிற நேரத்துக்குக் கேட் திறந்திருக்கவேண்டும் என்று ஒரு வரி போட்டிருக்கலாமே. திங்கட்கிழமை அவள் வருவாள், செவ்வாய்க்கிழமை லேபில் நேரமாகும், புதன்கிழமை அதே ஸ்டூல். தலைவர் ஏதோ குறித்துக்கொண்டார். மென்டரிங் மெக்கானிஸம் என்று பக்கத்திலிருந்தவரிடம் மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது. என் பொய் அவர் கையில் போய் அழகான பெயரோடு உட்கார்ந்துவிட்டது. எந்தச் சொற்களை இத்தனை நேரம் திட்டிக்கொண்டிருந்தேனோ அவற்றையே வாரி எடுத்துத்தானே வீசினேன், அவை எனக்கும் எவ்வளவு நன்றாகக் கைக்கு அடங்கின. சரி, போகட்டும். கட்டில் கிடைத்தது. அதுதானே கேட்டாள். பையன்கள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள், பி.பி.ஏ.க்காரன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

குழு லேபைப் பார்க்கப் போனது, நாங்கள் வராந்தாவில் இரண்டு பக்கமும் நின்று வழிவிட்டோம். கடைசியில் வந்த சாருமதி மேடம் என் பக்கத்தில் நின்றார், பின்னால் போட்டோக்காரர் நின்றுகொண்டிருந்ததால் சிரிப்பைக் கலைக்காமலே பேசினார். “ஜெபாவத் திங்கக்கிழமை வரச் சொல்லு. ஹாஸ்டல்ல வேற கட்டில் இல்ல. உன் கட்டில அவளுக்குக் குடுக்கேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள நீ காலி பண்ணிரு.” இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். வெல்பீயிங், பெட்டர் ஃபிட், ஏதாவது. வரவில்லை. அவ்வளவுதான் முழுவதும். “மேடம், அது எப்படி மேடம்...” “எப்படியோ அப்படித்தான்” என்றார். வாதாடுவதற்கு வாயைத் திறந்தேன், பிடித்து இழுக்க எந்த நுனியும் கிடைக்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்ததுபோல இருந்தது, அல்லது தூக்கம் இல்லாததால் இருக்கும். போட்டோக்காரர் பக்கம் திரும்பி, “எவ்ரிபடி, ப்ளீஸ்” என்று எங்களை நெருக்கி நிற்கச் சொன்னார். நெருக்கி நின்றோம். என் ஊர் சிவகிரி எவ்வளவு தூரம் என்று அவருக்குத் தெரியும். ஹாஸ்டல் ஃபார்மில் அவர்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

மாடிப்படிக்குக் கீழே போய் ஜெபாவைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். “ஏட்டி, என்ன ஆச்சு? பேசிட்டியா? பேசிட்டியா சவமே?” “நன்றிதான் சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லல.” “சத்தியமா?” “உனக்கு ரூம் தந்துட்டாங்கட்டி. திங்கக்கிழமை பெட்டியத் தூக்கிட்டு வா.” “பாசிட்டிவா பாப்போம்னாவளா?” “இல்ல. வரச் சொல்லுன்னாங்க. இதே வார்த்தைதான்.” அந்தப் பக்கம் அவள் யாரையோ கூப்பிட்டுக் கத்துவது கேட்டது, “எப்பா, எப்பா, தந்துட்டாவ” என்று, அவர் என்னவோ சொன்னார், அவள் சிரித்தாள், மூச்சுவாங்க ஃபோனுக்குத் திரும்பி வந்தாள். “நான் சொல்லலியா? நீதான் கெடந்து குதிச்ச. ஏட்டி, மாசிக் கருவாடு கொண்டாரேன், ரெண்டு பேரும் வச்சித் தின்போம், அந்த பக்கெட்டுக்காரிக்குக் குடுக்கக்கூடாது. நான் பாத்துக்கிடுதேன், இனி நேரமே வந்துருவேன், நீ ஒண்ணும் பயப்படாத. அது சரி, எந்த ரூமு?” “நம்ம ரூமுதான்.” “எந்தக் கட்டிலு? எங்கட்டில்ல இப்ப வேற புள்ளல்லா கெடக்கு?” நேராகக் கேட்ட கேள்வி. ஒரு வரியில் பதில் இருந்தது, என் நாக்கு நுனிவரை வந்து நின்றது. தூணில் ஒட்டியிருந்த புதுப் பெயின்ட் என் பட்டுச்சேலையில் ஒட்டிக்கொண்டதைத் தேய்த்தேன், அது இன்னும் பரவியது. “அந்த லாஜிஸ்டிக்ஸ் எல்லாம் இன்னும் கொஞ்சம் வொர்க் அவுட் பண்ணணும்ட்டி” என்றேன். ஜெபா வெடித்துச் சிரித்தாள். “அட மூதி, ஒனக்கும் ஒட்டிக்கிட்டா? மேடம் தோத்தாவ போ. தமிழ்ல சொல்லுட்டி.” நான் ஃபோனை மறு காதுக்கு மாற்றினேன். மேலே யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். “ஆவுட?” என்றாள். சிரிப்பு குரலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. “ஏட்டி, சொல்லு. எந்தக் கட்டிலு?”